வயதைக் கேட்டால் பேச்சுரிமைக்கு என்ன வந்தது?

கேள்வி இதுதான்: "ஆஸ்திரேலியாவில் 16 வயது ஆகாதவர்களுக்குச் சமூக வலைத்தளக் கணக்கு கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கேயும் வேண்டும் என்று பேச்சு அடிபடுகிறது. பிள்ளைகளைக் காப்பாற்றத்தானே வயதைக் கேட்கிறார்கள்? டாஸ்மாக்கில் 21 வயது ஆகாதவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது மாதிரிதானே இதுவும்? பேச்சுரிமைக்காரர்கள் ஏன் குதிக்கிறார்கள்?"

டாஸ்மாக் உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன், முடிச்சு அதற்குள்தான் இருக்கிறது. கடையில் இருப்பவர் வரிசையில் நிற்கிற எல்லாரிடமும் வயது கேட்பதில்லை. தலை நரைத்தவரிடம் கேட்கவே மாட்டார். மீசை அரும்பாத முகமாக இருந்தால்தான் சந்தேகம் வரும். அட்டையைக் காட்டச் சொல்வார், பார்ப்பார், திருப்பிக் கொடுத்துவிடுவார். (நடைமுறையில் அதுவும் நடப்பதில்லை என்பது வேறு கதை.) அட்டைக்கு நகல் எடுப்பதில்லை, என்ன வாங்கினீர்கள் என்று அதன் பக்கத்தில் குறித்து வைப்பதுமில்லை. இணையத்தில் அப்படி முடியாது. அந்தப் பக்கம் இருப்பவருக்கு உங்கள் முகம் தெரியாது. 15 வயதுக்காரர் யார் என்று பிரித்தெடுக்க வேண்டுமானால் 26 வயதுக்காரரையும் 66 வயதுக்காரரையும் சேர்த்துத்தான் சோதித்தாக வேண்டும். சட்டத்தின் பெயரில் குழந்தைகள் இருந்தாலும், அது கை வைப்பது பெரும்பாலும் பெரியவர்கள் மேல்தான்.

அப்புறம், மது வாங்குவது யாருக்கும் அடிப்படை உரிமை இல்லை. பேசுவதும் படிப்பதும் அடிப்படை உரிமை. அந்த உரிமையில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு பகுதி உண்டு: பெயர் சொல்லாமல் பேசுவது, யாருக்கும் தெரியாமல் படிப்பது. வயது சரிபார்ப்புச் சட்டங்கள் முதலில் தின்பது இந்தப் பகுதியைத்தான். மற்ற ஆட்சேபங்கள் எல்லாம் எனக்கு இதற்கு அடுத்த வரிசைதான்.

சோதனை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, அரசு அடையாள அட்டையைப் படமெடுத்து ஏற்றுவது. இரண்டு, முகத்தைக் காட்டுவது. மூன்று, உங்கள் நடவடிக்கையை வைத்து ஊகிப்பது: கணக்கு எப்போது தொடங்கியது, யாரோடு பேசுகிறீர்கள், எந்த வயதுக்கு யார் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்கள் என்பதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்ப்பது. மூன்றாவது வழிக்கு நீங்கள் ஒன்றும் தர வேண்டியதில்லை என்பதால் மென்மையாகத் தெரியும். ஆனால் அது நன்றாக வேலை செய்ய வேண்டுமானால் நிறுவனம் உங்களை இன்னும் நெருக்கமாக வேவு பார்க்க வேண்டும். வேவு பார்ப்பதுதான் இந்த நிறுவனங்கள் மேல் நாம் சொல்லும் முதல் குற்றச்சாட்டே.

முகம் காட்டும் வழியைத்தான் எல்லாரும் நடுநிலையானது என்கிறார்கள். திரையில் முட்டை வடிவத்தில் ஒரு கோடு வரும். முகத்தை அதற்குள் கொண்டுவர வேண்டும், தலையைத் திருப்பச் சொல்லும், சிலவற்றில் வாயைத் திறந்து மூடச் சொல்லும். சில வினாடிகளில் ஒரு எண் வந்து விழும். அது உங்கள் வயது இல்லை, உங்கள் வயதாக இருக்கலாம் என்ற கணிப்பு. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2024-இல் இப்படிப்பட்ட மென்பொருள்களைச் சோதித்தது. விசா விண்ணப்பப் படங்களில், அதாவது நல்ல வெளிச்சத்தில் நேராகப் பார்த்து எடுத்த படங்களில், மிகச் சிறந்த மென்பொருளே சராசரியாக 3.1 வருஷம் பிசகியது. பெண்களின் முகங்களில் பிசகு பெரும்பாலும் இன்னும் அதிகம். சராசரியே 3 வருஷம் பிசகும் கருவியை வைத்துக்கொண்டு 15-ஐயும் 16-ஐயும் பிரிக்கச் சொல்கிறது சட்டம். தவறினால் பெரிய அபராதம். நிறுவனம் என்ன செய்யும்? எல்லையைத் தள்ளி வைத்துக்கொள்ளும். 19 வயதுப் பெண்ணைப் பார்த்து "சந்தேகமாக இருக்கிறது, அட்டையைக் கொண்டு வா" என்று சொல்லும். இளம் வயதினருக்கு முகச் சோதனை அட்டைக்கு மாற்று இல்லை; அட்டையில் கொண்டுபோய் விடும் நடைபாதை.

அந்த அட்டை எங்கே போகிறது? பெரும்பாலும் அந்தத் தளத்திடம்கூட இல்லை, அது ஒப்பந்தம் போட்ட வேறொரு நிறுவனத்திடம். 2025 அக்டோபரில் டிஸ்கார்டு என்ற அரட்டைத் தளம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. வாடிக்கையாளர் சேவைக்கு வைத்திருந்த வெளி நிறுவனம் வழியாகத் தகவல் திருடு போய்விட்டது, சுமார் 70,000 பேரின் அடையாள அட்டைப் படங்கள் அதில் இருக்கலாம் என்றது. "என் வயதைத் தப்பாகக் கணித்துவிட்டீர்கள்" என்று முறையிட்டவர்கள் நிரூபணமாக அனுப்பிய அட்டைகள் அவை. முறையிட வழி கொடுத்ததே திருட வழியாகிவிட்டது.

இதற்கு வழக்கமாக வரும் பதில், "நான் தப்பு எதுவும் செய்யவில்லை, அட்டையைக் காட்ட எனக்கு என்ன பயம்?" என்பது. இந்தப் பதிலுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1965-லேயே ஒரு வழக்கில் மறுமொழி சொல்லியிருக்கிறது. இணையத்துக்குச் சம்பந்தமே இல்லாத வழக்கு, ஆனால் இந்த விவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழக்கு எனக்குத் தெரியவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் "கம்யூனிஸ்ட் பிரசார" அஞ்சல்களைத் தடுத்து நிறுத்தச் சொல்லி 1962-இல் ஒரு சட்டம் வந்தது. தடை என்றால் முழுத் தடை இல்லை. அஞ்சலகம் உங்களுக்கு ஒரு அட்டை அனுப்பும்: இன்னின்ன பத்திரிகை உங்கள் பெயருக்கு வந்திருக்கிறது, வேண்டுமா? "வேண்டும்" என்று குறித்து 20 நாளுக்குள் திருப்பி அனுப்பினால் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். அனுப்பாவிட்டால் அழித்துவிடுவார்கள். அவ்வளவுதான். கார்லிஸ் லாமண்ட் என்பவருக்குச் சீனாவிலிருந்து பீக்கிங் ரிவ்யூ வந்தது. அவர் அட்டையை அனுப்பவில்லை, வழக்குப் போட்டார். நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவைச் செல்லாது என்றது. நீதிபதி டக்ளஸ் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: அட்டையில் கையெழுத்துப் போடுவது சின்ன வேலைதான், ஆனால் வேலை நிரந்தரமாகாத ஒரு பள்ளி ஆசிரியர் அதில் கையெழுத்துப் போடுவாரா? போடமாட்டார். படிக்காமலே விட்டுவிடுவார். அவரை யாரும் தடுக்கவில்லை, தண்டிக்கவில்லை. ஆனாலும் அவர் படிக்கவில்லை.

பேச்சுரிமை மீறலில் இது ஒரு விசேஷ வகை. கைது நடந்தால் செய்தி வரும். ஒரு பதிவை நீக்கினால் சத்தம் வரும். ஒருவர் எழுத நினைத்து எழுதாமல் போனதற்கு எந்தச் சாட்சியும் இருக்காது. குடிப்பழக்கத்திலிருந்து மீளப் பார்க்கிற அரசு ஊழியர், கருக்கலைப்பு பற்றித் தேடும் பெண், தன் பால் அடையாளம் பற்றிக் குழம்பி நிற்கும் கல்லூரி மாணவர், மேலதிகாரியின் ஊழலை எழுத நினைக்கும் எழுத்தர் ஆகியோர் யாரும் "என்னைத் தடுத்துவிட்டார்கள்" என்று புகார் கொடுக்க வரமாட்டார்கள். கேமரா கேட்டதும் ஜன்னலை மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

நம் பக்கத்து வரலாறும் இதற்குச் சாட்சி சொல்லும். வெள்ளையர் காலப் பத்திரிகைச் சட்டப்படி, பத்திரிகைக்குப் பொறுப்பு யார் என்று பெயர் பதிய வேண்டும். 1908-இல் "இந்தியா" பத்திரிகை மேல் ராஜத்துரோக வழக்கு வந்தபோது, பதிவில் பெயர் இருந்த சீனிவாசன் சிறைக்குப் போனார். எழுதிக்கொண்டிருந்த பாரதி புதுச்சேரிக்குப் போய்விட்டார். பதிவேடு என்று ஒன்று இருந்தால் அது ஒருநாள் கைதுப் பட்டியலாகவும் பயன்படும். நூறு வருஷம் கழித்தும் கதை மாறிவிடவில்லை. 2012-இல் அப்போதைய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரியைச் சேர்ந்த ஒருவரைத் இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் கைது செய்தார்கள். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் அப்போது விரல் விட்டு எண்ணும் அளவுதான். அந்தப் பிரிவை 2015-இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இப்படிப்பட்ட நாட்டில் புனைபெயர் என்பது கோழைத்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"அடையாளத்தைக் காட்டச் சொன்னால் அசிங்கமாகப் பேசுவதாவது குறையுமே" என்பார்கள். இதைத் தென்கொரியா நாடு முழுக்கச் செய்தே பார்த்துவிட்டது. அவதூறுப் பின்னூட்டங்களால் தற்கொலைகள் நடக்கின்றன என்ற கோபத்தில் 2007-இல் உண்மைப் பெயர் முறையைக் கொண்டுவந்தார்கள். பிறகு அதை விரித்து, தினமும் 1 லட்சம் பேருக்கு மேல் வந்துபோகும் தளங்களில் எழுத வேண்டுமானால் ஆளை உறுதி செய்ய வேண்டும் என்றார்கள். நம் ஆதார் மாதிரி அங்கே 13 இலக்கக் குடிமக்கள் பதிவு எண் உண்டு. உறுதி செய்வது பெரும்பாலும் அதைக்கொண்டுதான். 2009-இல் யூடியூப் இதற்கு உடன்படாமல், கொரியப் பதிப்பில் வீடியோ ஏற்றுவதையும் பின்னூட்டத்தையும் நிறுத்திவிட்டது. கொரியர்கள் என்ன செய்தார்கள்? நாட்டை மாற்றித் தேர்வு செய்துவிட்டு வழக்கம்போல ஏற்றினார்கள். 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்டு என்ற இரண்டு தளங்களில் புகுந்த திருடர்கள் 3.5 கோடிப் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 5 கோடிதான். 2012 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒருமனதாக அந்த முறையை ரத்து செய்தது. சட்டவிரோதப் பதிவுகள் குறிப்பிடும்படி குறையவில்லை, ஆட்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போய்விட்டார்கள், பேசுகிறவர்கள்தான் பயந்து அடங்கினார்கள் என்பது தீர்ப்பின் சாரம். கொரியச் சட்டம் கேட்டது பெயரை, இப்போதைய சட்டங்கள் கேட்பது வயதைத்தானே என்று கேட்கலாம். சரி, ஆனால் பெயர் இல்லாத வயதுச் சான்று எத்தனை பேரிடம் இருக்கிறது?

இதுவரை பெரியவர்கள் கதை. பிள்ளைகளுக்கே பேச்சுரிமை உண்டா என்பது அடுத்தது. உண்டு. நம் அரசியல் சட்டத்தின் 19(1)(அ) "எல்லாக் குடிமக்களுக்கும்" என்றுதான் சொல்கிறது, 18 வயது நிரம்பியவர்களுக்கு என்று சொல்லவில்லை. இதற்கு நம்மிடம் அழகான வழக்கு ஒன்று இருக்கிறது. 1985-இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த 3 பிள்ளைகள் பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது எழுந்து நின்றார்கள், ஆனால் வாய் திறந்து பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். 1986-இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு, பிள்ளைகளின் கருத்துரிமையும் மத உரிமையும் மீறப்பட்டன என்று சொல்லித் திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. பேசாமல் இருப்பதும் பேச்சுரிமையில் அடக்கம் என்று நாட்டுக்குச் சொல்லிக்கொடுத்தது பள்ளிப் பிள்ளைகளின் வழக்கு. அமெரிக்காவிலும் அப்படித்தான். வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டி வந்த டிங்கர் வழக்கு மாணவர்களில் மேரி பெத்துக்கு 13 வயது. 1969-இல் ஜெயித்தார்கள். இந்தியா ஏற்றுக்கொண்ட ஐநா குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும் 13-ஆவது விதியில் குழந்தையின் கருத்துரிமையையும், 17-ஆவது விதியில் தகவல் பெறும் உரிமையையும் சொல்கிறது.

இதனால் பிள்ளைகளுக்கு எந்த வரம்பும் கூடாது என்று ஆகிவிடாது. அமெரிக்க நீதிமன்றங்கள் இந்த வரம்பை எங்கே போட்டிருக்கின்றன என்று பார்த்தால் குழப்பம் தெளியும். 1968-இல் நியூயார்க்கில் 16 வயதுப் பையனுக்கு நிர்வாணப் படப் பத்திரிகை விற்ற கடைக்காரர் கின்ஸ்பெர்க் தோற்றுப்போனார். பெரியவர்களுக்கு அனுமதிக்கப்பட்டதையும் பிள்ளைகளுக்கு மறுக்கலாம், அது பாலியல் சமாச்சாரமாக இருந்தால். இதே தர்க்கத்தை இணையத்துக்கு நீட்டிய 1996-ஆம் வருஷச் சட்டத்தை 1997-இல் உச்ச நீதிமன்றம் அடித்தது; அடுத்து 1998-இல் வந்த சட்டத்தைப் பத்து வருஷம் இழுத்தடித்து ஒருநாள்கூட அமலுக்கு வரவிடவில்லை. வன்முறை வீடியோ கேம்களைப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்ற கலிஃபோர்னியா சட்டமும் 2011-இல் விழுந்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் பழமைவாதி என்று பெயரெடுத்த ஸ்காலியா என்பதைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் எந்தக் கருத்தைக் கேட்கலாம் என்று முடிவு செய்ய அரசுக்குப் பொத்தாம்பொதுவான அதிகாரம் இல்லை என்பது அதன் அடிப்படை.

2025 ஜூனில்தான் காற்று திசை மாறியது. ஆபாசத் தளங்கள் வயதைச் சரிபார்க்க வேண்டும் என்ற டெக்சாஸ் சட்டத்தை 6-க்கு 3 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வயதைக் காட்டுவது பெரியவர்கள் மேல் தற்செயலாக விழும் சுமைதான் என்றார் நீதிபதி தாமஸ். நீதிபதி கேகன் இன்னும் கடுமையான அளவுகோலை வைத்திருக்க வேண்டும் என்று மாறுபட்டார். என் பார்வையில் கேகன் சொன்னதுதான் சரி. ஆனால் நான் சொல்ல வருவது அதுவல்ல. அந்தத் தீர்ப்பு ஆபாசத்தைப் பற்றியது, அதாவது பிள்ளைகளுக்கு உரிமையே இல்லாத ஒரு சரக்கைப் பற்றியது. சமூக வலைத்தளத்தில் இருப்பது கிரிக்கெட், கணக்குப் பாடம், கட்சிச் சண்டை, கோலம், பக்கத்து ஊர் வெள்ளம். இதில் முக்கால்வாசிக்குப் பிள்ளைகளுக்கும் உரிமை உண்டு. ஆபாசத் தள வாசலில் போட்ட பூட்டை ஊர்ப் பொதுச் சாவடிக்கும் போடலாம் என்று சட்டமன்றங்கள் வாதிடுவதுதான் இப்போது நடக்கிற சண்டை.

அந்தச் சண்டையில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் ஒரு நல்ல மாதிரி. இணைய மிரட்டலுக்கு ஆளாகி உயிரை விட்ட 16 வயதுப் பையனின் பெயரை வைத்து வந்த சட்டம் அது. அந்தக் குடும்பத்தின் வலியை யாரும் குறைத்துப் பேச முடியாது. கணக்கு வைத்திருக்கும் எல்லாருடைய வயதையும் சரிபார்க்க வேண்டும், 18 ஆகாதவருக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும், மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 10,000 டாலர் வரை அபராதம். 2025 ஆகஸ்டில், வழக்கு நடக்கும்போதே சட்டம் அமலில் இருக்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் விட்டுவிட்டது. அதே உத்தரவில் நீதிபதி கவனா, இந்தச் சட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றும் எழுதினார்! ஒரு வாரத்தில் ப்ளூஸ்கை என்ற சிறிய சமூக வலைத்தள நிறுவனம் மிசிசிப்பிக்கே கதவைச் சாத்தியது. இவ்வளவு பெரிய சோதனை ஏற்பாட்டுக்கு எங்களிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை என்றது. பேஸ்புக்கை நடத்தும் மெட்டாவிடம் இரண்டும் இருக்கின்றன. பெரிய நிறுவனங்களைத் தண்டிக்கப் போட்ட சட்டத்தில் பெரிய நிறுவனங்கள்தான் தப்பிப் பிழைக்கும். இதை ஆதரவாளர்கள் பேசுவதேயில்லை. அர்கன்சாவில் இப்படிப்பட்ட சட்டத்தை 2025 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம் நிரந்தரமாகவே தடுத்துவிட்டது. மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறு.

ஆஸ்திரேலியாவுக்கு வருவோம், கேள்வி அங்கிருந்துதானே வந்தது. 2024 நவம்பரில் சட்டம் நிறைவேறியது. செனட் குழு கருத்துச் சொல்ல மக்களுக்குக் கொடுத்த அவகாசம் ஒரே நாள். அந்த ஒரு நாளில் சுமார் 15,000 மனுக்கள் வந்தன. 2025 டிசம்பர் 10 முதல் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், எக்ஸ், யூடியூப், ரெடிட் உட்பட 10 தளங்கள் 16 ஆகாதவர்களின் கணக்குகளை மூட வேண்டும். தவறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். சில நல்ல அம்சங்களையும் சொல்ல வேண்டும். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. அரசு அட்டையை மட்டுமே ஒரே வழியாக வைக்கக் கூடாது, வாங்கிய தகவலை வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். முதல் ஒரு மாதத்திலேயே சுமார் 47 லட்சம் கணக்குகள் மூடப்பட்டதாக அங்குள்ள இணையப் பாதுகாப்பு ஆணையர் அலுவலகம் சொன்னது.

ஆனால் கணக்கு இல்லாமலும் யூடியூப் பார்க்கலாம். முன்பு பெற்றோர் பிள்ளையின் கணக்கில் கட்டுப்பாடு வைக்க முடிந்தது, இப்போது கணக்கே இல்லாத பிள்ளைக்கு எந்தக் கட்டுப்பாட்டை வைப்பது? பார்ப்பதற்குத் தடையில்லை, பின்னூட்டம் போடவும் பதிவேற்றவும்தான் தடை. அதாவது பிள்ளையின் காது திறந்திருக்கிறது, வாய்தான் அடைபட்டது. ரெடிட் நிறுவனமும் 15 வயது மாணவர்கள் இருவரும் உயர் நீதிமன்றத்துக்கு (அந்த நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு அதுதான் பெயர்) போனதற்கு இதுதான் அடிப்படை. ஆஸ்திரேலியாவில் பேச்சுரிமை என்று எழுதிவைத்த பிரிவு கிடையாது. மக்களாட்சி நடக்க வேண்டுமானால் அரசியல் பேச விட்டாக வேண்டும் என்று 1992-இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் அரசியல் சட்டத்துக்குள்ளிருந்து வாசித்தெடுத்த உரிமைதான் உண்டு. சில வருஷத்தில் ஓட்டுப் போடப்போகும் பிள்ளை அதற்குள் வருமா என்பதுதான் அங்கே கேள்வி.

பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் வேறு விதமான சட்டம் அமலானது, கணக்கைத் தடுக்காமல் உள்ளடக்கத்தைத் தடுப்பது. அபராதத்துக்குப் பயந்து நிறுவனங்கள் வலையை அகலமாக வீசின. காஸா, உக்ரைன் போர்ச் செய்திகள்கூட வயதை நிரூபிக்காதவர்களுக்கு எக்ஸ் தளத்தில் மறைக்கப்பட்டதை பிபிசி கண்டுபிடித்து எழுதியது. எந்த நாட்டிலிருந்து வருகிறோம் என்பதை மறைக்கும் விபிஎன் செயலிகள் பதிவிறக்கப் பட்டியலில் மேலே ஏறின. ஒரு வீடியோ கேம் கதாபாத்திரத்தின் முகத்தைக் கேமராவுக்குக் காட்டியே முகச் சோதனையை ஏமாற்றினார்கள் இளசுகள். அவர்கள் தப்பிவிடுவார்கள், சந்தேகமில்லை. முகத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பது நாற்பது வயதுக்காரர்கள்தான்.

இந்தியாவில் இது இன்னும் வரவில்லை என்று நினைக்க வேண்டாம், பாதி வந்துவிட்டது. 2023-இன் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 9-ஆவது பிரிவில், 18 வயது ஆகாதவரின் தரவைத் தொட வேண்டுமானால் சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. 18! ஆஸ்திரேலியாவைவிட 2 வருஷம் அதிகம். 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. இந்தப் பகுதி 18 மாதம் கழித்து அமலுக்கு வரும். பிள்ளை யார் என்று தெரிந்தால்தானே பெற்றோரைக் கேட்க முடியும்? அப்போது எல்லாரிடமும் வயது கேட்க வேண்டிவரும். அந்தப் "பெற்றோர்" நிஜமாகவே பெற்றோர்தானா என்று அவரிடமும் அடையாளம் கேட்க வேண்டிவரும். இதற்கு அரசின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் வழியை விதியே சொல்கிறது. சமூக வலைத்தளக் கணக்கை ஆதாரோடு இணைக்க வேண்டும் என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது நினைவிருக்கலாம். அந்த விவாதம் வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிப்பது பக்கம் திரும்பி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அன்று முன்வாசல் வழியாக வர முடியாதது இப்போது குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக வரலாம்.

பெற்றோர் சம்மதம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. எல்லா வீடும் ஒரே மாதிரி இல்லை. 17 வயதுப் பெண் வேறு சாதிப் பையனோடு பேசுகிறாள் என்று சந்தேகப்படும் வீட்டில் அந்தச் சம்மதம் யார் கையில் இருக்கிறது? அடி வாங்கும் பிள்ளை, அடிப்பவரிடமே அனுமதி வாங்கித்தான் வெளியே பேச வேண்டுமா? சிம் அப்பா பெயரில், போன் அண்ணன் கையில் என்பதுதான் இங்கே பல வீடுகளின் நிலை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், தானே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருப்பதாகச் சொன்ன இந்தியப் பெண்கள் 54 சதவீதம்தான். அப்பா "வேண்டாம்" என்று ஒரு பொத்தானை அழுத்தினால், தடை விழுவது மகன் மேலா மகள் மேலா என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முழுத் தடைக்கான பேச்சும் நடக்கிறது. 13 வயதுக்குக் கீழே தடை கேட்ட மனுவை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, அது அரசின் கொள்கை முடிவு என்றது. அதே வருஷம் டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆபாசம் குழந்தைகளுக்குக் கிடைப்பது பற்றிய வழக்கில், ஆஸ்திரேலியா மாதிரி சட்டம் பற்றி மத்திய அரசு யோசிக்கலாம் என்றது. அப்படிச் சட்டம் வந்தால், பேச்சுரிமைக்கு எந்தக் காரணங்களுக்காக வரம்பு போடலாம் என்று அரசியல் சட்டத்தின் 19(2) சொல்கிறதோ அவற்றுக்குள் அடங்க வேண்டும். "ஒழுக்கம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வருவார்கள் என்று நினைக்கிறேன். ஆபாசத்துக்கு அது பொருந்தும். இன்ஸ்டாகிராம் முழுவதையும் அதற்குள் எப்படித் திணிப்பார்கள் என்று தெரியவில்லை.

அப்படியானால் பிள்ளைகளை அப்படியே விட்டுவிடுவதா என்றால், இல்லை. தூக்கம் கெடுவது, மிரட்டிப் பணம் பறிப்பது, பதின்வயதுப் பெண்களுக்கு உடலைப் பற்றிய தாழ்வு மனப்பான்மை, எல்லாம் உண்மை. ஆனால் இதில் பெரும்பகுதி யாரோ பேசிய பேச்சால் வருவதில்லை. முடிவே இல்லாமல் உருளும் திரை, நள்ளிரவு அறிவிப்பு, முன்பின் தெரியாதவர் நேரடியாகச் செய்தி அனுப்ப முடிவது, பின்தொடர்ந்து வரும் விளம்பரம் ஆகியவற்றால் வருகிறது. இவை பொறியாளர்கள் உட்கார்ந்து எடுத்த முடிவுகள், இவற்றைக் கட்டுப்படுத்தினால் யார் வாயும் அடைபடாது. எல்லாருக்கும் சேர்த்தே நிறுத்திவிட்டால் யாருடைய வயதும் தெரிய வேண்டியதில்லை. எனக்கும்தான் இரவு 2 மணிக்கு அறிவிப்பு வேண்டாம். நம் 9-ஆவது பிரிவிலேயே இதற்கு ஒரு நல்ல விதை இருக்கிறது: பிள்ளைகளை வேவு பார்க்கக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. அதைப் பெரியவர்களுக்கும் நீட்டினால் அட்டை கேட்க வேண்டிய காரணமே பாதி காணாமல் போகும். நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளாது, அவர்கள் பிழைப்பே அதுதான். வயது சோதனையை அவர்கள் அதைவிட எளிதாக ஏற்றுக்கொள்வதைப் பார்த்தாலே நமக்குக் கொஞ்சம் சந்தேகம் வர வேண்டும்.

பெயரைச் சொல்லாமல் "16-க்கு மேல்" என்பதை மட்டும் நிரூபிக்கும் மறைகுறியீட்டுச் சான்றுகள் பற்றியும் கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் அப்படி ஒரு செயலியை உருவாக்கிவருகிறது. இருப்பதில் அதுதான் மேல். ஆனால் சான்று கொடுக்கும் இடத்தில் அரசு உட்கார்ந்திருக்கும். நல்ல போனும் முறையான ஆவணமும் இல்லாதவர் வெளியே நிற்பார். கணிதம் சரியாக இருந்தாலும், "பேச வேண்டுமானால் முதலில் சான்று காட்டு" என்ற பழக்கம் அப்படியேதான் இருக்கும்.

இங்கே ஒரு மசோதா வந்தால் நான் முதலில் புரட்டுவது வயது எத்தனை என்ற பிரிவை இல்லை. சோதனை செய்வது யார், தகவலை எத்தனை நாள் வைத்திருக்கலாம், காவல்துறை கேட்டால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் கொடுக்கலாமா என்ற பிரிவுகளை. அப்புறம், 19 வயதுப் பெண்ணை 15 என்று மென்பொருள் சொல்லி, தேர்தல் நேரத்தில் அவள் கணக்கை மூடிவிட்டால் அவள் யாரிடம் போக வேண்டும், எத்தனை நாளில் பதில் வரும் என்பதை.